காங்கிரஸுக்கு வித்திட்ட ஏ.ஓ. ஹியூம், அந்தமான் பறவைகளுக்குப் போட்ட எல்லைக்கோடு: குரலைக் கேட்ட பிறகு என்ன ஆச்சு?

பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் ஏ.ஓ. ஹியூமுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும். 1885-ல் இந்திய தேசிய காங்கிரஸ் உருவாக முக்கியக் காரணமாக இருந்த ஆங்கிலேயர். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு அது ஒரு மார்க் கேள்வி. அதோடு ஆளை மறந்துவிடுவோம்.

அதே 1885-ல் சிம்லாவில் இருந்த அவரது வீட்டில் இன்னொரு வேலையும் நடந்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்து வந்த பறவையியலாளர் ரிச்சர்ட் பௌட்லர் ஷார்ப், பதப்படுத்திய பறவைத் தோல்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தார். மொத்தம் 80,000-க்கும் மேல். ஒரு தனி மனிதர் தன் கைக்காசைப் போட்டுச் சேர்த்தது.

அந்தப் பெட்டிகளில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பறவைகளும் இருந்தன. அவற்றில் சில தனி இனமா, இல்லை வேறொரு இனத்தின் வகையா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க நூறு வருஷத்துக்கும் மேல் ஆனது. காரணம் எளிமையானது. பெட்டிக்குள் நிறம் இருந்தது, இறக்கையின் அளவு இருந்தது. குரல் இல்லை.

யார் இந்த ஹியூம்?

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1829-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா ஜோசப் ஹியூம், சீர்திருத்தக் கருத்துகளுக்குப் பெயர்போன ஸ்காட்லாந்துக்காரர், நாடாளுமன்ற உறுப்பினர். மகன் 1849-ல் இந்தியாவுக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் சர்வீஸில் சேர்ந்தார். இன்றைய உத்தரப்பிரதேசத்தின் எட்டாவாவில் பல வருஷம் வேலை. 1857 கிளர்ச்சி நடந்தபோதும் அங்கேதான் இருந்தார். அதுவரை அவர் சேர்த்திருந்த பறவைகள் எல்லாம் அந்தக் கலவரத்தில் அழிந்தன.

1867-ல் உள்நாட்டுச் சுங்கத் துறை ஆணையர் ஆனார். அப்போது உப்பு வரி வசூலுக்காக வட இந்தியாவின் குறுக்கே ஒரு நீண்ட முள்வேலி இருந்தது. உப்பு ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கத்துக்கு வரி கட்டாமல் போகக் கூடாது என்பதற்காகச் செடி வைத்து வளர்த்த எல்லை அது. அதை மேற்பார்வையிடும் சாக்கில் ஊர் ஊராகச் சுற்றினார். போகிற இடமெல்லாம் பறவை சேர்த்தார்.

1871-ல் வைஸ்ராய் மேயோ பிரபு, வருவாய், வேளாண்மை, வணிகத்துக்கான புதிய துறையை உருவாக்கியபோது அதன் செயலாளர் பொறுப்பு ஹியூமுக்குக் கிடைத்தது. அடுத்த வருஷம் பிப்ரவரி 8-ம் தேதி, போர்ட் பிளேர் சென்ற மேயோ அங்கே ஷேர் அலி அஃப்ரீதி என்ற கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். அரசாங்கத்தில் எல்லோருக்கும் அந்தமான் என்றாலே தண்டனைத் தீவு, கொலை நடந்த இடம். ஹியூமுக்கு அது இன்னும் சரியாகக் கணக்கெடுக்காத பறவைகள் வாழும் காடு.

1873 மார்ச்: ஒரு கப்பல், நாலைந்து விஞ்ஞானிகள்

1873 மார்ச்சில் 'ஸ்கோஷியா' என்ற நீராவிக் கப்பலில் ஹியூம் கிளம்பினார். கூடவே புவியியலாளர்கள் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, வேலன்டைன் பால், கல்கத்தா இந்தியன் மியூசியத்தின் ஜேம்ஸ் வுட்-மேசன் ஆகியோர். ஹியூமிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்த பறவை சேகரிப்பாளர் வில்லியம் டேவிசனும் தீவுகளில் மாதக்கணக்கில் சேகரித்தார். அந்தமான், நிக்கோபார் மட்டுமில்லாமல், கிழக்கே தனியாக நிற்கும் நார்கொண்டம், எரிமலைத் தீவான பேரன் வரைக்கும் போனார்கள்.

விளைவு? அந்த ஒரே வருஷத்தில் ஹியூம் அறிவியல் பெயர் சூட்டிய தீவுப் பறவைகளின் பட்டியல் நீளமானது. சுமார் 7 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள நார்கொண்டம் தீவில் வாழும் இருவாச்சி. பால் பெயரைத் தாங்கிய அந்தமான் சின்ன ஆந்தை. அந்தமான் பக்கி, அந்தமான் கொண்டைக்குருவி, அந்தமான் காட்டுப்புறா, அந்தமான் வாத்து. இதையெல்லாம் அவர் வெளியிட்டது 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்ற இதழில். 1872-ல் அவரே தொடங்கி, அவரே ஆசிரியராக இருந்து நடத்திய பறவையியல் இதழ் அது.

அந்தக் கால முறை இதுதான். பறவையைச் சுட வேண்டும். தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே பஞ்சு அடைத்து, காலில் ஒரு சீட்டு கட்ட வேண்டும். பிறகு மேசையில் வரிசையாக வைத்து ஒப்பிட வேண்டும். பெருநிலத்துப் பறவைக்குத் தலை கறுப்பு, தீவுப் பறவைக்கு மங்கிய பச்சை. இறக்கை இத்தனை மில்லிமீட்டர் குறைவு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருந்தால் புதிய இனம் என்று பெயர் வைத்துவிடலாம்.

ஹியூமும் டேவிசனும் குரலைக் கவனிக்காதவர்கள் கிடையாது. எந்தப் பறவை எப்படிக் கத்துகிறது என்று குறிப்பெழுதினார்கள். ஆனால் சத்தத்தை எழுத்தில் எவ்வளவுதான் பிடிக்க முடியும்? காக்கா கத்துவதை நாம் கா கா என்கிறோம், இன்னொரு மொழிக்காரர் வேறு மாதிரி எழுதுவார். ரெண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்க வழியில்லை. தோலை அளக்கலாம், ஆனால் அது பாடாது.

சரி, இனம் என்றால் என்ன?

பறவை இனம் என்பதற்கு 20-ம் நூற்றாண்டில் அதிகம் பேர் ஏற்றுக்கொண்ட விளக்கம், எர்ன்ஸ்ட் மயர் 1942-ல் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. தங்களுக்குள் இயற்கையாக இணை சேர்ந்து குஞ்சு பொரிக்கும் கூட்டம் ஓர் இனம். பக்கத்துக் கூட்டத்தோடு அப்படிச் சேராவிட்டால் அது வேறு இனம்.

அதாவது, எல்லைக்கோடு போடுவது விஞ்ஞானி இல்லை. பறவையே போடுகிறது. பெண் பறவை யாரைத் தன் ஆள் என்று ஏற்கிறது, ஆண் பறவை யாரைப் போட்டியாளன் என்று விரட்டுகிறது என்பதுதான் கோடு. அந்த முடிவை அது ரெண்டு விஷயத்தை வைத்து எடுக்கிறது: தோற்றம், பாட்டு. பகல் வெளிச்சத்தில் வாழும் பறவைக்குத் தோற்றம் நிறைய உதவும். அடர்ந்த காட்டிலும் இருட்டிலும் பாட்டுதான் அடையாள அட்டை.

தீவில் இங்கதான் சிக்கல் வருது. அந்தமான் பறவையும் பெருநிலத்துப் பறவையும் நடுவில் கடல் இருப்பதால் சந்திப்பதே இல்லை. சந்தித்தால் சேருமா, சேராதா என்று நேரில் பார்க்க வாய்ப்பில்லை. அதனால் வித்தியாசம் எவ்வளவு என்பதை வைத்து ஊகிக்க வேண்டும்.

20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த ஊகம் ஒரே திசையில் போனது. கொஞ்சம் நிறம் மாறினாலும் தனி இனம் என்று 19-ம் நூற்றாண்டுக்காரர்கள் பெயர் வைத்துத் தள்ளிவிட்டார்கள், பட்டியலைச் சுருக்குவோம் என்று அடுத்த தலைமுறை நினைத்தது. தீவுப் பறவைகள் பல, பெருநிலத்து இனங்களின் உள்ளினங்களாக இறக்கப்பட்டன. ஹியூமின் கொண்டைக்குருவி, தென்கிழக்கு ஆசியாவில் பரவலாக இருக்கும் கருந்தலைக் கொண்டைக்குருவிக்குள் போனது. அவரது அந்தமான் பக்கி, நீண்டவால் பக்கிக்குள் போனது.

பக்கி வழக்கு: 131 வருஷம் கழித்து வந்த தீர்ப்பு

பக்கி என்பது இரவில் பறந்து பூச்சி பிடிக்கும் பறவை. பகலில் காய்ந்த இலைச் சருகின் மேல் உட்கார்ந்திருக்கும், காலடியில் இருந்தாலும் தெரியாது. சருகு மாதிரி இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. அதனால் உலகத்தில் பல பக்கி இனங்கள் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தோலை மட்டும் வைத்துப் பிரிப்பது நிபுணர்களுக்கே தலைவலி.

இந்தக் குழப்பத்தில் நம்ம ஊர்ப் பறவையும் ஒன்று மாட்டியிருந்தது. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1845-ல் பெயரிட்ட ஜெர்டன் பக்கி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. இதையும் அதே நீண்டவால் பக்கியின் உள்ளினமாகவே நீண்ட காலம் வைத்திருந்தார்கள்.

2004-ல் ஜார்ஜ் சாங்ஸ்டர், ஃபிராங்க் ரோசன்டால் என்ற ரெண்டு ஆய்வாளர்கள், இந்தக் கூட்டத்தில் உள்ள பக்கிகளின் பாட்டுப் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். பதிவான ஒலியை சோனோகிராம் எனப்படும் வரைபடமாக மாற்றினால், ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எந்த அலைவரிசையில் இருக்கிறது, அடுத்த சுரத்துக்கு எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் கோடுகளாகத் தெரியும். எழுத்தில் பிடிபடாத குரல், இப்போது அளக்கக்கூடிய பொருள்.

முடிவு தெளிவாக இருந்தது. நீண்டவால் பக்கியின் பாட்டு ஒன்று, ஜெர்டன் பக்கியுடையது வேறு, அந்தமான் பக்கியுடையது வேறு. ஹியூம் 1873-ல் பெயர் வைத்த பறவை, 131 வருஷம் கழித்துத் தன் குரலால் தனி இனம் என்ற இடத்தைத் திரும்பப் பெற்றது. அதே ஆய்வில் இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ், சும்பா தீவுகளில் இருந்து அறிவியலுக்கே புதிதான ஒரு பக்கியும் கிடைத்தது. அதையும் காட்டிக்கொடுத்தது பாட்டுதான்.

பக்கியின் குரலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அது பாட்டைக் கற்றுக்கொள்வதில்லை. பக்கி, ஆந்தை, புறா போன்றவற்றுக்குக் குரல் பிறப்பிலேயே வருவது. குரல் மாறியிருந்தால், அந்தக் கூட்டம் ரொம்ப காலமாகத் தனியாகப் பிரிந்து வாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். கொண்டைக்குருவி, சோலைப்பாடி போன்ற பாடும் பறவைகளின் கதை வேறு. அவற்றின் பாட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பழகும் பங்கும் உண்டு. மதுரைத் தமிழ், கோவைத் தமிழ் மாதிரி வட்டார வழக்கும் வரும். ஆகவே அங்கே பாட்டை மட்டும் நம்பாமல் தோற்றம், அளவு, டிஎன்ஏ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஹியூமின் அந்தமான் கொண்டைக்குருவியும் இப்போது தனி இனமாகவே பட்டியல்களில் இருக்கிறது. பெருநிலத்து உறவினருக்கு உள்ள பளபளப்பான கருந்தலை இதற்குக் கிடையாது.

ஒரே காடு, ரெண்டு ஆந்தை

கடல் பிரிக்காத ஓர் உதாரணமும் அந்தமானிலேயே இருக்கிறது. அங்கே வேட்டை ஆந்தையில் ரெண்டு வகை உண்டு. ஒன்று மார்பில் செம்பழுப்புக் கோடுகள் கொண்ட அந்தமான் வேட்டை ஆந்தை. இன்னொன்று உடல் முழுக்க அடர்ந்த சாக்லேட் பழுப்பு, ஹியூம் 1872-ல் பெயரிட்டது. இன்றைக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரிலேயே ஹியூம் ஆந்தை என்று அழைக்கிறார்கள்.

ரெண்டும் ஒரே தீவுகளில் வாழ்கின்றன. ரெண்டின் அழைப்பும் வேறு. பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் கலந்து ஒன்றாகிவிடவில்லை. மயர் சொன்ன சோதனையை இயற்கையே நடத்திக் காட்டிய இடம் இது. இப்படிச் சேர்ந்து வாழும் நெருங்கிய இனங்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று அளந்து, அதே அளவுகோலைக் கடலால் பிரிந்த பறவைகளுக்கும் வைக்கிறார்கள்.

2010-ல் ஜோசப் டோபியாஸும் மற்ற ஆய்வாளர்களும் இதற்கு ஒரு மதிப்பெண் முறையையே கொண்டுவந்தார்கள். நிறம், உடல் அளவு, குரல், வாழ்முறை என ஒவ்வொன்றிலும் வித்தியாசத்துக்கு 1 முதல் 4 வரை மார்க். கூட்டினால் 7 வந்தால் தனி இனம். இதில் குரல் ஒரு துணைப்பாடம் இல்லை, தோற்றத்துக்குச் சமமான பாடம்.

ஹியூம் பெயரில் ஒரு கதிர்க்குருவி

இந்தக் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹியூமின் காலத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு அலைந்த ஒருவர் இருந்தார். பெயர் டபிள்யூ.இ. புரூக்ஸ், வேலை ரயில்வே இன்ஜினியர். இமயமலையில் இருந்து குளிர்காலத்தில் சமவெளிக்கு இறங்கும் சின்னஞ்சிறு கதிர்க்குருவிகள் மேல் அவருக்கு ஆர்வம். உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பச்சைக் குருவிகளை இன்றும் கண்ணால் மட்டும் பிரிப்பது கஷ்டம். புரூக்ஸ் அவற்றின் குரலையும் கவனித்துக் குறிப்பெடுத்தார். 1878-ல் ஒன்றுக்குத் தன் நண்பர் ஹியூமின் பெயரையே வைத்தார்.

அந்த ஹியூம் கதிர்க்குருவியும் பின்னாளில் உள்ளினமாக இறக்கப்பட்டது. 2001-ல் டேரன் இர்வின், பெர் ஆல்ஸ்ட்ரோம் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு அதைக் காப்பாற்றியது. சைபீரியாவின் சயான் மலைப்பகுதியில் இந்தக் குருவியும் அதன் நெருங்கிய உறவினரான மஞ்சள்புருவக் கதிர்க்குருவியும் சேர்ந்தே வாழ்கின்றன. ஒன்றின் பாட்டை ஒலிபரப்பினால் மற்றது தன் போட்டியாளன் வந்துவிட்டதாக நினைப்பதில்லை. பறவையே கோட்டைக் காட்டிவிட்டது. ஹியூமின் பெயரைத் தாங்கிய பறவையும் கடைசியில் பாட்டால்தான் பிழைத்தது.

பழைய பேப்பர் கடைக்குப் போன 25 வருஷம்

1879-ல் ஹியூமை அரசு செயலாளர் பதவியில் இருந்து இறக்கியது. மேலிடத்தை வெளிப்படையாக விமர்சித்ததற்கான விலை என்றே பலரும் பார்த்தார்கள். 1882-ல் வேலையை விட்டார். இனி முழுநேரமும் பறவைதான். இந்தியத் துணைக்கண்டத்தின் எல்லாப் பறவைகளையும் பற்றி ஒரு பெரிய நூல் எழுதுவது அவரது கனவு. அதற்காகச் சுமார் 25 வருஷக் குறிப்புகள் கட்டுக்கட்டாகச் சிம்லா வீட்டில் இருந்தன.

1880-களின் முதல் பாதியில் ஒருமுறை அவர் வெளியூர் போய்த் திரும்பியபோது அந்தக் கட்டுகளில் பெரும்பகுதியைக் காணோம். வீட்டு வேலையாள் ஒருவர் அவற்றை பஜாரில் பழைய பேப்பராக எடைக்குப் போட்டுவிட்டார்.

ஹியூம் உடைந்துபோனார். நூல் எழுதும் எண்ணத்தைக் கைவிட்டார். தன் சேகரிப்பை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இலவசமாகவே கொடுத்தார். ஷார்ப் வந்து அள்ளிக்கொண்டு போனது அதைத்தான். போய்ச் சேர்ந்ததில் சுமார் 75,000 மாதிரிகள் அங்கே நிரந்தரமாக வைக்கப்பட்டன.

எது போனது, எது மிஞ்சியது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மிஞ்சியது தோல். போனது, உயிரோடு இருந்த பறவை எங்கே உட்கார்ந்தது, எப்போது கூடு கட்டியது, எப்படிக் கூப்பிட்டது என்று ஆண்டுக்கணக்கில் எழுதிய குறிப்புகள். அடுத்து வந்த தலைமுறை தீவுப் பறவைகளின் தகுதியை முடிவு செய்தபோது அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் தோல் மட்டும்தான். நிறம் கொஞ்சம்தானே மாறியிருக்கிறது என்று கோட்டை அழிக்க அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தக் காலகட்டத்தில் ஹியூமின் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. தியோசஃபி அமைப்பில் ஈடுபட்டார், சைவ உணவுக்கு மாறினார், பறவைகளைச் சுடுவதையும் விட்டுவிட்டார். 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸின் முதல் கூட்டம். நீண்ட காலம் அதன் பொதுச் செயலாளராக இருந்தார். 1894-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். லண்டனில் செடிகொடிகள் பக்கம் ஆர்வம் போய், 1910-ல் தென் லண்டன் தாவரவியல் நிறுவனத்தை ஏற்படுத்தினார். 1912 ஜூலை 31-ல் இறந்தார்.

இன்னைக்கு இது ஏன் முக்கியம்?

தனி இனமா, உள்ளினமா என்பது வெறும் பெயர்ச் சண்டை என்று தோன்றலாம். அப்படியில்லை. உலக அளவில் எந்த உயிர் அழிவின் விளிம்பில் இருக்கிறது என்று போடும் பறவைப் பட்டியல் பெரும்பாலும் இனத்தை வைத்தே போடப்படுகிறது. ஒரு தீவுப் பறவை, ஆசியா முழுக்க இருக்கும் பறவையின் உள்ளினம் என்றால், அந்தத் தீவில் அது அழிந்தாலும் பட்டியலில் எந்த விளக்கும் எரியாது. தனி இனம் என்றால் அந்தத் தீவுதான் அதற்கு உலகம்.

கிரேட் நிக்கோபாரை எடுத்துக்கொள்வோம். 1966, 1967-ல் அங்கே கேம்ப்பெல் பே பகுதியில் பறவையியலாளர் ஹுமாயூன் அப்துல் அலி ரெண்டு சின்ன ஆந்தைகளைச் சேகரித்தார். அப்போது யாருக்கும் அது புதிய இனம் என்று படவில்லை. அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசன் அந்தத் தோல்களை மறுபடி ஆராய்ந்து, 1998-ல் நிக்கோபார் சின்ன ஆந்தை என்று தனி இனமாகப் பெயரிட்டார். 30 வருஷம் அது பெயரில்லாமல் ஓர் அலமாரியில் கிடந்தது. இங்கே தோற்றமும் அளவும்தான் கதவைத் திறந்தன. தோல் பயனற்றது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரெண்டும் வேண்டும் என்பதுதான் விஷயம்.

அதே கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் அடங்கிய பெருந்திட்டத்துக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதற்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு ஒதுக்கப்படுகிறது. அந்தக் காட்டில் எந்தெந்த இனங்கள் இருக்கின்றன என்ற கணக்கை, அங்கே பாடும் குரல்களைப் பதிவு செய்யாமல் முடிக்க முடியாது. இரவுப் பறவைகளுக்கு இது இன்னும் பொருந்தும். பார்க்கக் கிடைக்காத பறவையைக் கேட்டுத்தான் எண்ண முடியும்.

உங்க போனே போதும்

உலகில் பறவைக் குரலை முதன்முதலில் பதிவு செய்தவராகக் கருதப்படுபவர் லுட்விக் கோச். 1889-ல் ஜெர்மனியில், எட்டு வயதில், மெழுகு உருளை ஒன்றில் அவர் பதிவு செய்தது கூண்டில் இருந்த ஒரு சோலைப்பாடியின் பாட்டு. அந்தமானுக்கே உரிய சோலைப்பாடிக்கு நெருங்கிய உறவு அது. ஹியூமின் கப்பல் தீவுகளுக்குப் போய்ப் பதினாறு வருஷத்துக்குப் பிறகு வந்த தொழில்நுட்பம். ஸ்கோஷியா கப்பலில் அப்படி ஒரு கருவி இருந்திருந்தால், அந்தமான் பக்கி 2004 வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

இன்று அந்தக் கருவி எல்லார் பாக்கெட்டிலும் இருக்கிறது. சென்னையில் இருந்து விமானம் ஏறினால் ரெண்டரை மணி நேரத்துக்குள் போர்ட் பிளேர், அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து சாலை வழியே சிடியா டாபு. சூரியன் மறைவதைப் போட்டோ எடுத்த கையோடு கூட்டம் கலைந்துவிடும். இன்னும் அரைமணி நேரம் இருந்தால் பக்கியும் ஆந்தையும் குரல் கொடுக்க ஆரம்பிக்கும்.

போனில் பதிவு செய்து, தேதி, இடம், நேரம் போட்டு ஈபேர்ட் அல்லது ஜீனோ-கேன்டோ தளத்தில் ஏற்றினால் அது ஆய்வாளர்களுக்குப் பயன்படும் ஆவணம். ஒரே ஒரு கவனம் வேண்டும்: பதிவு செய்த குரலை அங்கேயே திரும்பத் திரும்ப ஒலிபரப்பி பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது கூட்டை விட்டுவிட்டு அலையும்.

ஹியூம் சேர்த்த பறவைகள் இங்கிலாந்தின் டிரிங் நகரில் உள்ள அருங்காட்சியக இழுப்பறைகளில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ஆய்வாளர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம். அவற்றின் குரல் மட்டும் அந்தமான் காட்டில்தான் இருக்கிறது. காடு இருக்கும் வரைக்கும்.